வேம்பு கழுவிய கன்று

வேம்புவைப் பற்றி ஆலங்கோட்டகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய அருவருப்பைத்தான் சொல்வார்கள். சோற்றில் ஒரு முடி கிடந்தால் வாரம் முழுக்கப் பட்டினி கிடப்பாள் என்பார்கள். அது பொய். அந்த ஒரு வேளைதான் சாப்பிட மாட்டாள். ஆனால் முத்துப்பேட்டை பஸ்ஸில் ஏறினால் கம்பியை முந்தானையால் சுற்றித்தான் பிடிப்பாள் என்பது உண்மை. புருஷன் கண்ணுசாமி வயலிலிருந்து வந்தால் கால்விரல் இடுக்கையெல்லாம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் வாசலுக்குள் விடுவாள் என்பதும் உண்மை. டீக்கடையில் அவர்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாக மாட்டி வைத்திருந்த கிளாஸை ஒருநாள் கையில் வாங்கி, மோந்து பார்த்து, "இதுல ஊத்துனா நாய்கூடக் குடிக்காது" என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள் அவள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனாலே கடைக்காரன் குனிந்து அடுப்பை ஊத ஆரம்பித்துவிடுவான்.

இப்படி ஒருத்தி சும்மா உண்டாகிவிடவில்லை. அவளுடைய அம்மா மிராசுதார் சாமிதுரை வீட்டு மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளியவள். கூடையில் அள்ளித் தலையில் தூக்கினால் மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்து நெற்றி வழியாக உதட்டுக்கு வரும். கூடப் போகும் சிறுமி வேம்பு அதைப் பார்ப்பாள். அம்மா கொல்லைப்புறம் நின்று கூழ் வாங்கிக்கொண்டு போனதும், மிராசுதார் மனைவி நீலாம்பாள் அவள் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளிக்கச் சொல்வாள். அம்மா அள்ளிய அதே சாணி! மாடு போட்டது சுத்தம், அதை அள்ளியவள் அழுக்கு. இந்தக் கணக்கு வேம்புவுக்கு அந்த வயதிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகித் தன் கையால் அடுப்பு மூட்ட ஆரம்பித்ததும் அவள் ஒரு சட்டம் போட்டாள். மிராசுதார் வீட்டிலிருந்து நெல் வந்தாலும் சரி, தேங்காய் வந்தாலும் சரி, வாசலில் வைத்துத் தண்ணீரில் அலசாமல் உள்ளே வரக் கூடாது. "அவங்களுக்கு நாம தீட்டுன்னா நமக்கு அவங்க தீட்டு" என்பாள். நெல்லை நனைத்தால் முளைத்துவிடும் என்று கண்ணுசாமி சொல்லிப் பார்த்தான். முளைச்சா முளைக்கட்டும் என்றுவிட்டாள்.

அந்த வீட்டிலிருந்து வந்தவற்றில் அவள் ஆசை ஆசையாகக் குளிப்பாட்டியது ஒன்றைத்தான். அது மயிலை. உம்பளச்சேரி இனத்துக் கிடாரி. சாம்பல் உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. சாமிதுரை அதை வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால் அவர்கள் ஊர் வழக்கம் இதுதான். மாடு உடையவருடையது, வளர்ப்பவர் வேறு. மாடு ஈன்றால் தலைக்கன்று வளர்த்தவருக்குச் சொந்தம். கன்று பால் மறக்கும்வரை மாடும் அவர் கொட்டிலிலேயே நிற்கும், பாலும் அவருக்கு. ஆனால் கன்று தாய் மடியில் குடிப்பதை உடையவர் ஒருமுறை வந்து கண்ணால் பார்க்க வேண்டும். கன்று செத்துப் பிறந்தாலும், தாய் சேர்க்காமல் ஒதுக்கினாலும் வாரம் முறிந்துபோகும். மாடும் கன்றும் உடையவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். வளர்த்தவருக்கு அத்தனை நாள் அள்ளிய சாணிதான் மிச்சம்.

வேம்புவின் வகையறாவிலும் சரி, கண்ணுசாமியின் வகையறாவிலும் சரி, சொந்தமாக ஒரு மாடு வைத்திருந்தவர் எவருமில்லை. அத்தனை பேரும் அடுத்தவன் மாட்டுக்கு அள்ளிக் கொட்டியவர்கள். மயிலையின் வயிறு பெருக ஆரம்பித்ததிலிருந்து வேம்பு தினமும் அதன் விலாவில் கை வைத்துப் பார்ப்பாள். உள்ளே உதைத்தால் சிரிப்பாள். பிறகு போய்க் கையைக் கழுவுவாள்.

கிடாரி வந்தபோது இரண்டு வீட்டுக்கும் சுமுகம். சினை பிடிப்பதற்குள் எல்லாம் கெட்டுப்போயிற்று. இரட்டை இலைக்காரர்கள் ஆட்சிக்கு வந்த புதிது அது. உழுகிற குத்தகைக்காரன் தன் பெயரைப் பதிந்துகொண்டால் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது என்ற சட்டம் அதற்கு முந்தி, உதயசூரியன் காலத்திலேயே, வந்துவிட்டது. சட்டம் வந்ததே தவிர, அந்த ஊரில் பதிவதற்கு ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. கண்ணுசாமி பதிந்தான். அப்பன் காலத்திலிருந்து உழுத ஒன்றரை ஏக்கர், சாமிதுரையுடையது. சாமிதுரை வக்கீல் வைத்து ஆட்சேபித்தார். அன்றிலிருந்து கண்ணுசாமியைத் தெருவில் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் நடப்பார். மாட்டைப் பிடுங்க ஆசைதான். வாரம் பேசியது ஊரறிந்த விஷயமாயிற்றே, எப்படிப் பிடுங்குவது? அதனால் கன்று தவறட்டும் என்று காத்திருந்தார். மூன்று வேலி நிலம் வைத்திருக்கிற பெரிய மனுஷன், இன்னும் பிறக்காத ஒரு கன்று சாவதற்காகக் காத்திருந்தார். சொல்வதற்கே வாய் கூசுகிறது.

அவருடைய அதிர்ஷ்டத்துக்கு, கோளாறைக் கண்ணுசாமியே இழுத்துவிட்டிருந்தான். கலப்புக் கன்று பிறந்தால் பின்னாளில் பால் குடம் குடமாகக் கறக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, மயிலையைக் காளைக்கு விடாமல் ஜெர்சி ஊசி போட்டுக்கொண்டு வந்தான். "ஊசியிலயா கன்னு? சீ" என்று வேம்பு முகத்தை மூடிக்கொண்டாள். சின்ன மாடு, உள்ளே சீமைக் கன்று. நாள் வந்தபோது தண்ணீர்க்குடம் உடைந்தது, இரண்டு குளம்பு எட்டிப் பார்த்தது, அதோடு சரி. மயிலை கழுத்தை நீட்டிப் படுத்துக்கொண்டு முனகியது.

கண்ணுசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் முத்துப்பேட்டையிலிருந்து மாட்டு டாக்டர் ஜெகபர் அலியை அழைத்து வந்தான். இளவயதுக்காரர், அதிராம்பட்டினத்துப் பிள்ளை. சட்டையைக் கழற்றி வைக்கோல் போரில் போட்டுவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். வேம்பு தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"உசுரு இருக்கு. வழிதான் இல்ல. வயித்தக் கிழிச்சுத்தாம்மா எடுக்கணும்" என்றார் டாக்டர்.

அதற்குள் கொட்டிலைச் சுற்றிக் கூத்துப் பார்க்க வந்ததுபோல் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், வெற்றிலைக் குதப்பலோடு வந்தவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டாலும் கண்ணை மூடாதவர்கள். முன்வரிசையில் சாமிதுரையின் காரியக்காரன் ரெத்தினம். மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, காதிடுக்கில் பாதி பீடி. துளித்துளியாக எச்சில் துப்பிக்கொண்டே நின்றான். மாட்டின் ரத்தத்தைவிட அந்த எச்சிலுக்குப் பயந்துதான் வேம்பு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, விலாவைச் சிரைத்து, டாக்டர் கத்தி வைத்தார். மயிலை கண்ணைத் திறந்தபடியே கிடந்தது. தன் வயிற்றில் என்ன நடக்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை. தோல், சதை, கருப்பை என்று ஒவ்வொன்றாகத் திறந்து, பின்னங்காலைப் பிடித்து டாக்டரும் கண்ணுசாமியுமாக இழுத்தார்கள். சளக்கென்று வந்து விழுந்தது. செவலைக் கன்று. கிடாரி. தும்மியது.

"மூக்கையும் வாயையும் தொடச்சு விடும்மா. தொடச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் தையலுக்குத் திரும்பினார்.

வேம்புவின் மடியில் கன்று கிடந்தது. கோழை கோழையாக மஞ்சள் வழவழப்பு, அதில் ரத்தம், வால்பக்கம் தார்போல் கருப்பாக ஒன்று. வெதுவெதுவென்று புடவையில் ஊறி அவள் தொடையில் ஒட்டியது. அவளுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ரெத்தினம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "நம்ம சுத்தக்காரியப் பாத்தீங்களா? எங்க சுத்துனாலும் பொறந்த எடத்துக்குத்தான் வந்து சேரணும்."

கூட்டம் சிரித்தது. அவள் தெருக்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

வேம்பு கன்றைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். டாக்டருக்கென்று காய்ச்சியதில் மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றினாள். சிவப்பு சோப்பை எடுத்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். காது மடல், குளம்பிடுக்கு, தொப்புள் என்று ஓரிடம் பாக்கியில்லை. பழைய வேட்டியால் துவட்டிவிட்டு இறக்கியபோது கன்று செப்புப் பாத்திரம்போல் மின்னியது. இப்போ சிரிங்கடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தையல் முடித்து நிமிர்ந்த டாக்டருக்கு முதலில் வந்தது வாசனைதான்.

"யாரும்மா இத குளிப்பாட்டுனது?"

"நாந்தாங்க. ஒரே கருமமா இருந்துச்சு."

"அந்தக் கருமந்தாம்மா அதுக்கு அடையாளம்!" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தானா ஈனுன மாடுன்னா ஈனுற நோவுலயே கன்னுமேல பாதி ஆச வந்துரும். இதுக்கு அந்த நோவும் முழுசா இல்ல, மரத்துப்போய்க் கெடந்துச்சு. அந்த ஈரத்த மோந்து, நக்கி, அப்பறந்தான் இது என் கன்னுன்னு சேக்கும். அதையும் கழுவிட்டீங்களே."

மாடு எழுந்தது. கன்றை முன்னால் விட்டார்கள். மயிலை மூக்கை நீட்டியது, ஒருமுறை இழுத்தது, புஸ்ஸென்று சீறிவிட்டுத் தலையால் முட்டித் தள்ளியது. மடிப்பக்கம் கொண்டுபோனால் உதைத்தது. ரெத்தினம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அய்யாகிட்ட சொல்லிடுறேன்" என்றபடி கிளம்பினான். அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

டாக்டர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நஞ்சுக்கொடி இன்னும் விழல. விழுந்ததும் அத எடுத்துக் கன்னு மேல தல முதக்கொண்டு வாலு வரைக்கும் தேச்சு விடுங்க. பெரும்பாலும் சேத்துக்கும். மூணு நாளைக்கு சோப்பு மட்டும் கூடாது."

"சீ" என்றாள் வேம்பு. டாக்டர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்தது. கண்ணுசாமி அதைக் கன்றின் மேல் போடப் போனான். வேம்பு குறுக்கே நின்றுகொண்டாள். "அதத் தேச்ச கையோட எம் பக்கத்துல வந்தே, பாத்துக்க. மொதல்ல அந்தக் கருமத்தக் கொண்டுபோயி மரத்துல கட்டுய்யா" என்றாள். அவன் பாவம், வீட்டுக்குள் அவள் சொன்னதை மீறிப் பழக்கமில்லாதவன். வழக்கப்படி வைக்கோலில் பொதிந்து, வாய்க்கால் கரை ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தான். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது அங்கே எல்லோரும் செய்வதுதான்.

வேம்பு தன் வழியில் முயன்றாள். கன்றின் முதுகில் தவிடும் உப்பும் தூவி விட்டாள். மயிலை உப்பை ருசித்து நக்கியது. அவளுக்கு உயிர் வந்தது. உப்புத் தீர்ந்ததும் ஓர் உதை. கன்று சுவரோரம் போய் விழுந்தது. மாட்டின் பின்னங்கால்களைக் கட்டிக் கொஞ்சம் சீம்பால் பீய்ச்சி, விரலை நனைத்து நனைத்துக் கன்றுக்குச் சப்பக் கொடுத்தார்கள். அது விரலை விட மாட்டேன் என்றது. நாக்கு சொரசொரவென்று இருந்தது. வேம்பு கையை உதறவில்லை.

மறுநாள் காலை கண்ணுசாமிக்கு மன்னார்குடியில் குத்தகை வழக்கு வாய்தா. போகாமலிருக்க முடியாது. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் ரெத்தினம் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தான்: "அய்யா இப்ப வராரு. கன்னு குடிக்கிறதக் காட்டு. இல்லாட்டி மாட்ட அவுத்துரணும், தெரியும்ல?"

வேம்பு கன்றை மடிக்குக் கொண்டுபோனாள். மயிலை தையல் போட்ட வயிற்றோடு திரும்பி மறுபடி உதைத்தது. கன்று எழுந்திருக்கவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு நடுங்கியது. அதன் மேல் இன்னும் சோப்பு மணத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாசனை வேம்புவுக்கு நாறியது.

அவள் தொரட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடினாள்.

பொதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. காக்காய்கள் காட்டிக் கொடுத்தன. வைக்கோல் பாதி பிய்ந்து, உள்ளேயிருந்து கருநீலமாக ஒரு துண்டு தொங்கியது. ஈ மொய்த்ததில் பொதியே அசைவதுபோல் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தொரட்டியை மாட்டி இழுத்தாள். கயிறு அறுந்தது. நகர்வதற்குள் மொத்தமும் அவள் தலைமேல் விழுந்தது.

குளிர்ந்த, வழவழத்த, புளித்து நாறும் ஈரம் கூந்தலில் இறங்கி, நெற்றி வழியாக உதட்டுக்கு வந்தது. வேம்பு குத்துக்காலிட்டு உட்கார்ந்து வயிற்றிலிருந்த பித்தமெல்லாம் வாந்தியெடுத்தாள். பக்கத்திலேயே வாய்க்கால் ஓடியது. ஒரு முழுக்குப் போட்டால் போதும். வாயை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விழுந்ததையெல்லாம் மடியில் வாரிக்கட்டிக்கொண்டு எழுந்தாள். அம்மா ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே ஓடினாள்.

கொட்டிலில் கன்றைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தாள். நேற்று எங்கெங்கே சோப்புப் போட்டாளோ அங்கெல்லாம் தேய்த்தாள். காது மடல், குளம்பிடுக்கு, தொப்புள். "இந்தா, மோந்து பாரு, ஒன்னோடதுதாண்டி, நாந்தான் மூதேவி கழுவிப்புட்டேன்" என்று மயிலையோடு பேசிக்கொண்டே தேய்த்தாள். கன்றும் அவளும் ஒரே கோலமாக ஆனார்கள்.

மயிலை மூக்கை நீட்டியது. முதலில் எட்டியது வேம்புவின் தலைதான். இழுத்து இழுத்து மோந்தது. மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல், வேம்பு அதுவரை அதன் வாயிலிருந்து கேட்டறியாத ஒரு சின்னச் சத்தம். உப்புக் காகிதம்போன்ற நாக்கு அவள் நெற்றியை நக்கியது. கன்னம், கழுத்து, தோள் என்று இறங்கியது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து ஓடிவிட உடம்பெல்லாம் துடித்தது. அசையவில்லை. நாக்கு அவள் தோளிலிருந்து கன்றின் கழுத்துக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்டது.

கன்று தள்ளாடி எழுந்தது. நக்கும் நாக்கே அதைப் பின்பக்கமாக மடிக்குத் தள்ளியது. கன்று மடியில் முட்டியது, தடவியது, காம்பைப் பிடித்துக்கொண்டது. மயிலை காலை அகட்டிக் கொடுத்தது.

சாமிதுரை வந்தபோது இப்படித்தான் இருந்தது. வெளுத்த அங்கவஸ்திரம், விபூதி, பின்னால் புதுக் கயிற்றோடு ரெத்தினம். கொட்டிலுக்குப் பத்தடி இருக்கும்போதே நாற்றம் அவரை நிறுத்திவிட்டது. அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னடி இது கருமம்? கழுவிட்டு அப்பறம் காட்டு."

"கழுவுனா சேக்காதுங்கய்யா" என்றாள் வேம்பு. எழுந்து கொட்டில் வாசலுக்கு வந்தாள். தலையிலிருந்து சொட்டியது. "குடிக்குது பாருங்க. கிட்ட வந்து பாருங்க. உடையவரு கண்ணால பாத்தாத்தான கணக்கு?"

அவள் ஓரடி முன்னே வைத்தாள். சாமிதுரை ஓரடி பின்னே வைத்தார். அவள் இன்னோரடி வைத்தாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு. அங்கயே நில்லு" என்றார் அவர். பின்னுக்குப் போன கால் சாணிக்குழியில் இறங்கியது. ரெத்தினம் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவரைத் தாங்க ஓடினான்.

அந்தப் பின்னடி வேம்புவுக்கு நன்றாகத் தெரிந்த அடி. மிராசு வீட்டார் எதிரே வந்தால் அம்மா வைத்த அடி, அவள் வைத்த அடி. எதிரே நின்று பார்க்கையில் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். அசிங்கமாக இருந்தது. தூ என்று துப்பத்தான் தோன்றியது. மாடு நிற்கிற இடமாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

மாலையில் கண்ணுசாமி வாய்தா தள்ளிப்போன செய்தியோடு திரும்பினான். வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மயிலை பக்கத்தில் கன்று படுத்திருந்தது, கழுத்தில் ஒரு கயிறு.

"கயிறு நல்லாருக்கே. ஏது?"

"மிராசு வீட்டுது. போட்டுட்டு ஓடிட்டாங்க."

மனைவியின் சட்டம் அவனுக்குத் தெரியும். "அலசிட்டுத்தான கட்டுன?" என்று கேட்டான்.

வேம்பு மடியில் மிச்சமிருந்ததைக் காட்டினாள்.

"இதுல பொரட்டிட்டுக் கட்டுனேன். அவங்க வீட்டு நாத்தம் போவணும்ல."